மேற்பார்வை என்றால் தப்புக் கண்டுபிடிப்பதா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்து, டீ வந்த நேரம். மீனாட்சிபுரம் பக்கத்துக் குழு ஊக்குநர் ஒருவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "நாங்க குழுவைப் பாக்குறோம். எங்களை நீங்க வந்து பாக்குறீங்க. உங்களை யாருக்கா பாக்குறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்து, "எங்களை ஆபீஸ்ல பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தோம். ஆனால் அது சரியான பதில் இல்லை. ஆபீசில் பார்ப்பது எங்களை அல்ல, நாங்கள் கொடுக்கிற மாத அறிக்கையை. எத்தனை குழு, எத்தனை கூட்டம், சேமிப்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு? அந்தத் தாளில் எங்கள் முகம் தெரியாது. உங்கள் முகமும் தெரியாது. அந்தச் சகோதரியின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில், எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குவதுதான் நியாயம்.

நூறு சதவீதம் வசூல்

சில வருடங்களுக்கு முன்னால் செல்லூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். பதினாறு பேர் கொண்ட நல்ல குழு. தீர்மானப் புத்தகம் ஒழுங்காக இருக்கும், பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அன்றைக்கு ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் இரண்டு மாதத் தவணை பாக்கி, 3,200 ரூபாய். வங்கியில் அடுத்த கடனுக்கு மனு போட வேண்டிய நேரம். நாங்கள் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, "உங்க ஒருத்தரால குழுவோட பேரே கெடுது, உங்களுக்கே நல்லாயிருக்கா?" என்று கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மற்ற பதினைந்து பேரும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் 3,200 ரூபாயையும் மொத்தமாகக் கட்டிவிட்டார். நாங்கள் அறிக்கையில் "நிலுவை முழுவதும் வசூலிக்கப்பட்டது, 100 சதவீதம்" என்று எழுதினோம். ஆபீசில் பாராட்டு. அந்த மாதம் மற்ற பகுதி ஒருங்கிணைப்பாளர்களுக்கு எங்கள் அறிக்கையைக் காட்டிச் சொன்னார்கள் என்றுகூடக் கேள்விப்பட்டோம். எப்படி வசூல் ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த கூட்டத்திலிருந்து அவர் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. ஏழெட்டு மாதம் கழித்து செல்லூர் பஸ் ஸ்டாப்பில் தற்செயலாகப் பார்த்தோம். அம்மா வீட்டுக்கு, ஊமச்சிகுளம் பக்கம், போய்விட்டாராம். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் தறி வேலை நின்று போயிருந்திருக்கிறது. குழுவில் அவமானப்பட்ட மறுநாள் தண்டல்காரரிடம் ஐயாயிரம் வாங்கியிருக்கிறார். 750 பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 4,250. தினம் 50 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதில் 3,200 நம் குழுவுக்கு, மிச்சம் மருந்துக்கு. முப்பது நாளுக்குமேல் கட்ட முடியவில்லை. தண்டல்காரர் வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்குள் அடி. அதற்கப்புறம்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"நீங்க தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

கந்துவட்டிக் கொடுமையிலிருந்து பெண்களை மீட்கத்தான் குழு என்று எத்தனை மேடையில் பேசியிருப்போம்! அந்தக் குழுவே ஒரு பெண்ணைத் தண்டல்காரரிடம் அனுப்பிவைத்தது. அனுப்பியது குழுகூட இல்லை, நாங்கள். இது எங்கள் அறிக்கையில் நூறு சதவீதமாகப் பதிவாகியிருக்கிறது.

மேற்பார்வையின் மூன்று வேலை

சமூகப் பணி படித்தவர்கள் எல்லோரும் ஆல்பிரட் கடூஷின் என்கிற பேராசிரியர் பெயரைத் தெரிந்திருப்பார்கள். அமெரிக்காக்காரர். சமூகப் பணியில் மேற்பார்வை பற்றி 1976-இல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் கல்லூரிகளில் பாடம். மேற்பார்வைக்கு மூன்று வேலை உண்டு என்று அவர் பிரித்துச் சொன்னார். ஒன்று நிர்வாகம், அதாவது வேலை ஒழுங்காக நடக்கிறதா, கணக்கு சரியா என்று பார்ப்பது. இரண்டாவது கற்றுக்கொடுப்பது. மூன்றாவது தாங்கிப் பிடிப்பது. களத்தில் இருப்பவர் மனசு உடைந்து போகாமல், தனியாக விடப்பட்டதாக நினைக்காமல் பார்த்துக்கொள்வது.

நம் குழுக்களில், கூட்டமைப்பில், எங்களைப் போன்ற நிறுவனங்களில் நடப்பதையெல்லாம் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வேலை நன்றாகவே நடக்கிறது. ஆடிட், தரம் பிரித்தல், மாத அறிக்கை, போதாக்குறைக்கு செல்போன் செயலியில் வேறு ஏற்ற வேண்டும். இரண்டாவது, வருஷத்துக்கு இரண்டு பயிற்சியாக நடக்கிறது. ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைத்து, மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்புவோம். மூன்றாவது நடக்கிறதா? "உங்களை யாரு பாக்குறா" என்று அந்த ஊக்குநர் கேட்டது இந்த மூன்றாவதைத்தான். "மேற்பார்வை" என்றாலே நோட்டைத் தூக்கிக்கொண்டு தப்புக் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதற்கும் இதுதான் காரணம். மூன்றில் ஒன்றை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம்.

இந்த வழக்கம் புதிதல்ல. லண்டனில் 1869-இல் தர்ம உதவிகளை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஏழை வீடுகளுக்குத் தொண்டர்கள் போய்ப் பார்த்து வருவார்கள். பின்னால் அமெரிக்காவிலும் இதே மாதிரிச் சங்கங்கள் வந்தன. அந்தத் தொண்டர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பார்த்து வந்ததைப் பேசி, வழிகாட்டச் சம்பளத்துக்கு ஆள் போட்டதில்தான் சமூகப் பணி மேற்பார்வை தொடங்கியது. அங்கே வேலை பார்த்த மேரி ரிச்மண்ட் என்ற பெண்மணி 1917-இல் எழுதிய புத்தகம் சமூகப் பணிப் படிப்புக்கு ஒரு முக்கியமான அடித்தளம் ஆனது. இந்தியாவில் 1936-இல் பம்பாயில் டாட்டா நிறுவனம் முதல் சமூகப் பணிப் பள்ளியை நடத்தத் தொடங்கியது. 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியில் ஒன்று வந்தது. நம் ஊரில் அழகர்கோவில் ரோட்டில் மதுரை சமூக அறிவியல் கல்லூரி இருப்பது உங்களுக்குத் தெரியும். கையில் நோட்டோடு குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற மாணவ மாணவிகள் இப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வருபவர்கள்தான்.

அந்தப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போக வேண்டும். போய் வந்ததை எழுத வேண்டும். எழுதியதை வைத்துக்கொண்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுவார். நாங்கள் படித்த காலத்தில் இதை ஒரு தொல்லையாகத்தான் நினைத்தோம். "இன்று மூன்று வீட்டுக்குப் போனேன், விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்" என்று எழுதிக்கொண்டு போனால், எங்கள் ஆசிரியை சிவப்பு மையில் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுவார்: "அந்த அம்மா பேசாமல் இருந்தபோது உனக்கு என்ன தோன்றியது?" எங்களுக்கு எரிச்சலாக வரும். எனக்கு என்ன தோன்றினால் என்ன, அந்த அம்மாவைப் பற்றி எழுதினால் போதாதா என்று! வேலைக்குச் சேர்ந்த அன்றோடு அந்தச் சிவப்பு மை நின்றுபோனது. அன்றைக்கு யாராவது அந்த ஒரு கேள்வியை எங்களிடம் கேட்டிருந்தால், செல்லூர்ச் சகோதரி சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது எங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

கொட்டாம்பட்டியில் நடந்தது

இதெல்லாம் கல்லூரிக்கும் வெளிநாட்டுக்கும்தான் சரிப்படும், நம் பக்கம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். மேலூர் தாண்டி இருக்கிற கொட்டாம்பட்டி உங்களில் பலருக்குத் தாய் ஊர், மாமியார் ஊர். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் நடத்திப் பார்க்க எடுத்துக்கொண்ட வட்டாரம் அதுதான். மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். எடை ஏறாமல் நிற்கிற குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்து லட்டு. எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடலாம். எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் சாப்பாடு போடுகிற திட்டம் இல்லை இது.

இந்த வேலையைச் செய்தவர்கள் அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள். அவர்களை நம்பி எப்படி இவ்வளவு நுணுக்கமான வேலையைக் கொடுத்தார்கள்? பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளரைப் போட்டார்கள். வட்டாரத்துக்கு ஒரு பயிற்றுநரும் இருந்தார். மேற்பார்வையாளரின் வேலை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது மட்டும் அல்ல. வேலை நடக்கிற இடத்திலேயே கற்றுக்கொடுப்பது. எடை போடுவதைக் கூட இருந்து பார்ப்பது, பிடிவாதமாக வர மறுக்கிற தாய் வீட்டுக்குப் பணியாளரோடு சேர்ந்து போவது, அங்கே எப்படிப் பேசுவது என்று பேசிக் காட்டுவது. சின்ன வட்டமாக இருந்ததால்தான் இது முடிந்தது. பிற்பாடு அந்தத் திட்டம் அங்கன்வாடித் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

எங்களில் ஒருவருக்கு இப்போது அறுபது குழு. அறுபது குழுவுக்கு ஒருவர் என்றால் நோட்டைத்தான் பார்க்க முடியும், மனுஷியைப் பார்க்க முடியாது. இதை நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறோம். பார்க்கலாம்.

அந்த எடை அட்டையில் இன்னொரு விஷயமும் எங்களுக்குப் பிடிக்கும். ஒரு மாதத்து எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல மாட்டார்கள். போன மாதத்தை விட ஏறியிருக்கிறதா, நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். குண்டாக இருக்கிற குழந்தைகூட ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டிய குழந்தை. நம் குழுக்களில் நன்றாகப் பேசுகிற, ஒரு தவணைகூடத் தவறாத உறுப்பினர் திடீரென்று மூன்று வாரம் பேச்சுக் குறைந்து போனால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறோம்?

தறியில் அறுந்த இழை

களப்பணியில் "திரும்பிப் பார்த்தல்" என்று ஒரு பழக்கத்தைச் சொல்வார்கள். செய்த வேலையை நாமே எடுத்து வைத்து, ஏன் அப்படிச் செய்தோம், அப்போது மனசில் என்ன ஓடியது, அதனால் என்ன ஆனது என்று யோசிப்பது. அனுபவம் மட்டும் பாடம் ஆகிவிடாது, அதை யோசித்தால்தான் பாடம் ஆகும் என்பதே இதன் அடிப்படை. 1910-இல் ஜான் டூயி என்கிற கல்வியாளர் சிந்தனையைப் பற்றி எழுதிய புத்தகம் இந்த வழிக்கு முன்னோடி. 1983-இல் டொனால்ட் ஷோன் என்பவர் இதை வேலை செய்கிறவர்களோடு பொருத்தி இரண்டாகப் பிரித்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, முடிந்த பிறகு யோசிப்பது இன்னொன்று.

இதை ஒரு பயிற்சியில் நாங்கள் கரும்பலகையில் எழுதி அரை மணி நேரம் விளக்கினோம். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு தறிக்கார அம்மா, "இதைத்தானே நாங்க தினம் பண்றோம்" என்றார். தறி ஓடும்போது பாவில் ஒரு இழை அறுந்தால் சத்தமும் கையும் காட்டிக் கொடுத்துவிடும். உடனே நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அது ஒரு பார்வை. துணியை இறக்கி, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, ஏன் அந்த இடத்தில் விட்டது, நூல் கோளாறா, நம் கவனக் கோளாறா என்று பார்ப்பது இன்னொரு பார்வை. "ஓடும்போது பாக்காதவன் துணி ஓட்டையாப் போகும். இறக்கிப் பாக்காதவன் அடுத்த பாவுலயும் அதே ஓட்டையத்தான் நெய்வான்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் கரும்பலகையை விட்டுவிட்டோம். செல்லூரில் இதை விட நன்றாகச் சொல்ல முடியாது.

அந்த 3,200 ரூபாய்க் கதையை இப்படி வெளிச்சத்தில் பிடித்தால் என்ன தெரிகிறது? நாங்கள் ஏன் எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசினோம்? அவர்மேல் கோபமா? இல்லை. வங்கி மேலாளர் முதல் நாள் எங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தார். அந்த மாத அறிக்கைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பதற்றத்தை எல்லாம் கொண்டுபோய், பதில் பேச முடியாத ஒருவர் தலையில் இறக்கிவிட்டோம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு மாதமும் ஒரு பஸ் ஸ்டாப்பும் தேவைப்பட்டது. யாராவது அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு நடந்து போயிருக்கலாம்.

இப்போது இதில் சட்டமும் இருக்கிறது. சிறு கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வசூலுக்காகக் கடன் வாங்கியவரை மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, பெயரை ஊருக்குத் தெரியும்படி வெளியிடக் கூடாது, உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டு நெருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. ஆந்திராவில் 2010-இல் சிறுகடன் வசூல் நெருக்கடியில் நடந்த தற்கொலைகளைப் பற்றி எல்லோரும் பேசினோமே, அதற்குப் பிறகு வந்த பல விதிகளின் தொடர்ச்சி இது. கம்பெனிக்காரர் செய்தால் குற்றம் என்கிறோம். நாம் வட்டமாக உட்கார்ந்து செய்தால் "குழுக் கட்டுப்பாடு" என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்!

யாரும் கேட்காததால் போன உயிர்

ஒரு கசப்பான கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் குழந்தை விக்டோரியா கிளிம்பியே. நல்லாப் படிக்க வைக்கிறேன் என்று சொன்ன பாட்டி முறை உறவுக்காரரோடு 1999-இல் லண்டன் போனாள். அந்தப் பெண்ணும் அவரோடு வாழ்ந்த ஆணும் அடித்த அடியிலும் பட்டினியிலும் 2000 பிப்ரவரி 25-இல் இறந்தாள். எட்டு வயசு. அவர்கள் இருவருக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் அரசு அத்தோடு விடவில்லை. லார்ட் லேமிங் தலைமையில் விசாரணை வைத்து, 2003-இல் அறிக்கை வந்தது. மருத்துவமனை, போலீஸ், சமூகப் பணித் துறை என்று எல்லோருக்கும் அந்தக் குழந்தையைப் பற்றித் தகவல் வந்திருக்கிறது. காப்பாற்ற 12 சந்தர்ப்பங்களாவது இருந்தன என்று விசாரணை சொன்னது.

அந்தக் குழந்தையின் வழக்கைப் பார்த்த சமூகப் பணியாளர் அனுபவம் குறைந்தவர், தலைக்கு மேல் வேலை. அவருக்குக் கிடைத்த மேற்பார்வை மிகவும் மோசம் என்று அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தார். பார்த்ததை வைத்து, "அந்தக் குழந்தையிடம் நீ தனியாகப் பேசினாயா? ஏன் பேசவில்லை?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. பழியெல்லாம் கடைசியில் களத்தில் போனவர் தலையில் விழுந்தது. விசாரணையோ மேலே இருந்தவர்களைத்தான் அதிகமாகக் கேள்வி கேட்டது.

லண்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊக்குநர்களும் வாரா வாரம் வீடுகளுக்குள் போய் வருகிறவர்கள்தான். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டோடு இருக்கிற பெண் பிள்ளை, முழங்கையில் தழும்பு, "படியில விழுந்துட்டேன்" என்கிற பதில் எல்லாவற்றையும் அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததை எங்கே போய்ச் சொல்வது?

தன் வீட்டில் தண்ணீர்

2024 அக்டோபர் கடைசியில் பெய்த பேய் மழை உங்களுக்கு மறந்திருக்காது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்து செல்லூர்த் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அன்றைக்கு ஒரு ஊக்குநர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீடு வீடாகப் போய் யாருக்குப் பாய் இல்லை, யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொடுத்தார். நாங்களும் கூடவே இருந்தோம். ராத்திரி ஏழு மணிக்குத்தான் தெரிந்தது, அவர் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர், தையல் மெஷின் மோட்டார் மூழ்கிக் கிடக்கிறது என்று. பட்டியலில் அவர் பெயர் இல்லை. "நானே என் பேரை எழுதுனா நல்லாவா இருக்கும்?" என்றார். ஒரு வாரம் கழித்துச் சின்ன விஷயத்துக்காகக் குழுக் கூட்டத்தில் கத்தி, நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். "இவுக பதவித் திமிரு" என்று நாலு பேர் சொன்னார்கள். அது திமிர் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்காரர்கள் நம் கடற்கரை ஊர்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநல உதவிப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதோடு, கேட்கிறவர் தன் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தது. தொண்டர்களில் பலர் தாங்களே வீட்டில் இழப்பைப் பார்த்தவர்கள். பத்து வீட்டுத் துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு அதை இறக்கி வைக்க ஒரு திண்ணை வேண்டும்.

நாங்கள் செய்து பார்க்கிறது

ஒரு வருஷமாக ஒரு சின்ன ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. மாதக் கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ள ஊக்குநர்கள் ஆறு, ஏழு பேர் மட்டும் அரை மணி நேரம் உட்காருகிறோம். நோட்டு கிடையாது, தீர்மானம் கிடையாது. ஒருவர் அந்த மாதத்தில் தன் மனசை உறுத்திய ஒரு சம்பவத்தைச் சொல்வார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசக் கூடாது, முக்கியமாக அறிவுரை கூடாது. பிறகு மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அவுக முகம் எப்படி இருந்துச்சு? அவுக என்ன எதிர்பார்த்திருப்பாக? திரும்ப அந்த இடத்துல நின்னா என்ன பண்ணுவீங்க? இவ்வளவுதான். "நீ ஏன் இப்படிப் பண்ணல" என்று தொடங்குகிற கேள்விக்கு மட்டும் தடை. அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை.

ஆரம்பத்தில் இது சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மாதம் இது புறணி பேசுகிற கூட்டமாகப் போய்விட்டது. பெயரைச் சொல்லாவிட்டாலும் "வாய்க்கால் ஓரத்து மாடி வீடு" என்றால் செல்லூரில் யாருக்குத் தெரியாது? ஒரு சகோதரியின் வீட்டு விஷயம் இப்படி வெளியே போய், அவர் எங்களிடம் வந்து அழுதார். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் பிறகு விதியை மாற்றினோம். சம்பவத்தைச் சொல்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேச வேண்டும், தான் என்ன செய்தோம், தனக்கு என்ன தோன்றியது என்று. உறுப்பினரைப் பற்றிய விவரம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவு. ரொம்ப உள் விஷயம் என்றால் அந்த வட்டத்தில் வேண்டாம், எங்களில் ஒருவரோடு தனியாக.

ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. குழந்தைமேல் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் வருடப் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆக வேண்டும். "குடும்ப மானம்" என்று மறைத்தால் மறைத்தவர்மேலும் வழக்கு வரும். ஆபத்தில் இருக்கிற குழந்தைக்கு 1098, வீட்டில் அடி உதைக்கு ஆளாகிற பெண்ணுக்கு 181. இரண்டும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். இந்த எண்களை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம். நீங்களே முடிவு செய்ய முடியாமல் தவித்தால், ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் எங்களுக்குப் போன் போடுங்கள்.

நிலுவை விஷயத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இரண்டு தவணை தவறினால் கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்க வேண்டும். கட்டிவிட்டாலும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தண்டலில் வாங்கிக் கட்டினார் என்றால் அது வசூல் ஆகாது. எங்கள் அறிக்கைப் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. நாங்கள் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்புகிறோம். போன மாதம் எங்கள் வசூல் 94 சதவீதம். ஆபீசில் கேள்வி வந்தது. ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, அந்த ஊக்குநரின் கேள்விக்கு. எங்களை இப்போது ஒருவர் பார்க்கிறார். பல வருஷம் இந்த வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. மாதத்தில் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். சம்பளம் வாங்குவதில்லை, முறுக்கு வேறு கொடுக்கிறார். முதல் நாள் பஸ் ஸ்டாப் கதையைத்தான் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்கப்புறம் நீங்க ஊமச்சிகுளம் போனீங்களா?" என்று கேட்டார். போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் குழுவில் போட்டிருந்த சேமிப்பு 4,800 ரூபாய் கணக்கிலேயே இருந்தது, குழுவில் பேசித் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். திரும்பக் குழுவில் சேர்கிறாரா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கூட்டமும் வழக்கம்போல இரண்டாவது சனிக்கிழமை, குலமங்கலம் ரோடு கூட்டமைப்பு அலுவலகத்தில், மதியம் இரண்டு மணிக்கு. நாலு மணிக்கு மேல் அரை மணி நேரம் இருக்க முடிந்த ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பேரேட்டை நாலு மணிக்கே மூடி பையில் வைத்துவிட வேண்டும்.